மீதி உள்ளே

உங்கள் போனைக் கொஞ்சம் எடுங்கள் ஸார். வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி வந்திருக்கும். பெரியப்பா அனுப்பியிருப்பார், இல்லை அபார்ட்மென்ட் செக்ரட்டரி அனுப்பியிருப்பார். முக்கால் ஸ்கிரீன் வரை எழுத்து தெரியும். அப்புறம் மூன்று புள்ளி. பக்கத்தில் 'ரீட் மோர்'. அதை அமுக்கினால் மீதி.

அமுக்கினீர்களா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்கள்.

நானும் அமுக்கியதில்லை. அந்தக் கேவலத்தைத்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

என் அப்பா கோவில்பட்டியில் தனியாக இருக்கிறார். வாலிபத்தில் தந்தி ஆபீஸில் வேலை. மோர்ஸ் சாவியைத் தட்டியவர், பிறகு டெலிபிரிண்டர், பிறகு டெலிபோன் இலாகாவில் ஏதோ ஒரு நாற்காலி. 2013-ல் ரிடையர் ஆனார். அதே வருடம் ஜூலை 14-ம் தேதி ராத்திரியோடு இந்தியாவில் தந்தியும் ரிடையர் ஆனது. 1850-ல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் ஹார்பருக்கும் நடுவே கம்பி இழுத்து ஆரம்பித்த சமாசாரம். "ரெண்டு பேருக்கும் ஒரே வருஷம் வழியனுப்பு விழா. அதுக்கு மாலை கூடுதல்" என்பார்.

அம்மா போனது 2019-ல். அதற்கடுத்த வருடம் நான் அவருக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாரத்தில் தமிழ் கீபோர்டைப் பிடித்துக்கொண்டார். ஒரு விரலால்தான் அடிப்பார், ஆனால் தந்திக்காரர் விரல். அன்றிலிருந்து தினம் காலை ஐந்தரைக்கு எனக்கு ஒரு கடுதாசி வரும். கடுதாசி என்றால் கடுதாசியேதான். 'அன்பு மகனுக்கு, நலம். நலமறிய ஆவல்' என்று ஆரம்பிக்கும். நேற்று ராத்திரி எட்டரைக்கு ஒரு தூறல், முற்றம் நனைந்ததோடு சரி. எதிர்வீட்டுப் பூனை மூன்று குட்டி போட்டிருக்கிறது, ஒன்று செவலை. கடலை மிட்டாய்க்காரர் வெல்லம் மாற்றிவிட்டார், பல்லில் ஒட்டுகிறது. கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய ஊரில் இப்படிச் செய்யலாமா?

முதல் ஒரு மாதம் முழுசாகப் படித்தேன். அப்புறம் முக்கால் ஸ்கிரீன் வரை. அப்புறம் பூனை வரை. அப்புறம் 'அன்பு மகனுக்கு'. கடைசியில் அதுவும் இல்லை. எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் ஒரு கட்டை விரல் படத்தைத் தட்டிவிடுவேன். பார்த்தாச்சு, சரி, நல்லது, ஆகட்டும் - எதற்கும் பொருந்தும் சர்வரோக நிவாரணி அது. நீங்களும் மானேஜருக்குத் தட்டுகிறீர்கள், எனக்குத் தெரியும்.

அன்று செவ்வாய்க்கிழமை. மாதக் கடைசி தேதியெல்லாம் நெருங்கிக்கொண்டிருந்தது. பத்திரிகையில் எழுதி மட்டும் வாடகை கட்ட முடியாது என்பதால் இரண்டு மூன்று கடைகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கும் பார்க்கிறேன். பி.காம். படித்ததற்கு அந்த அளவுக்காவது பிரயோஜனம் இருக்கட்டுமே. இருபதாம் தேதி தாக்கல். தலைக்குமேல் பில். அப்பா கடுதாசி வந்தது. கட்டை விரல் போனது.

வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு போன். அப்பாவுடைய பழைய ஆபீஸ் சிநேகிதர்.

"தம்பி, அப்பாவுக்கு ஆபரேசன் நல்லபடியா முஞ்சிட்டு. ஒண்ணும் பயப்படாண்டாம். ஆமா, நீங்க ரயில விட்டுட்டீயளோ?"

"எந்த ரயில் அங்கிள்?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "செரி செரி, வேலை இருந்திருக்கும்" என்று அவரே எனக்காக ஒரு சாக்குச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமைக் கடுதாசியைத் தேடி எடுத்து, முதல் தடவையாக 'ரீட் மோர்' அமுக்கினேன். பூனைக்குட்டி கண் திறந்தது, பால் விலை ஏறியது, கோயில் கொடிக்கம்பத்துக்குப் பெயின்ட் அடித்தது, எல்லாம் தாண்டி, கடைசியில் இது:

'வலது கண்ணுக்குப் புரை எடுக்க வியாழக்கிழமை திருநெல்வேலியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். கூட ஒருவர் வரவேண்டுமாம். உனக்கு வசதிப்பட்டால் புதன் இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறு. நான் ஸ்டேஷனிலேயே நிற்கிறேன், அப்படியே பஸ் பிடித்துப் போய்விடலாம். வசதிப்படாவிட்டால் பாதகமில்லை. ஒரு வரி தெரிவி.'

அதற்குக் கீழே என் கட்டை விரல்.

மனிதர் ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறார் ஸார். விடியற்காலையில், ஒரு கண் மங்கலோடு, மாற்று வேட்டியும் துண்டும் வைத்த மஞ்சள் பையோடு பிளாட்பாரத்தில் நின்றிருக்கிறார். ரயில் வந்தது, நின்றது, போனது. நான் தூங்கிவிட்டுத் திருநெல்வேலியில் இறங்குவேன் என்று தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறார். ஆஸ்பத்திரியில் 'கூட யாரு?' என்று கேட்டதும்தான் சிநேகிதரைக் கூப்பிட்டிருக்கிறார்.

எனக்கு ஏன் போன் பண்ணவில்லை? அது பின்னால் வருகிறது.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. குற்ற உணர்ச்சி வந்தால் சிலர் குடிப்பார்கள், நான் கணக்குப் போடுவேன். இந்த வெட்டுகிற வேலையை யார் ஆரம்பித்தது என்று யோசித்தேன்.

நம் தலைமுறைக்கு இது புதிதில்லை. காலைப் பேப்பரில் முதல் பக்கத்தில் கொலைச் செய்தி நாலு அங்குலம் வரும், கீழே 'தொடர்ச்சி 7-ம் பக்கம்'. பஸ்ஸில் அடுத்தவர் பேப்பரைத் தோளுக்கு மேலே எட்டிப் படித்தவர்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை. கொலையாளி யார் என்பது ஏழாம் பக்கத்தில். பேப்பர்க்காரர் சைதாப்பேட்டையில் இறங்கிவிடுவார். ஆனால் பேப்பர் வெட்டுக்கு ஒரு தர்மம் உண்டு. யார், எங்கே, எப்போது, என்ன ஆச்சு என்பதை முதல் பாராவிலேயே கொட்டிவிடுவார்கள். அப்புறம்தான் விவரம், அதற்கப்புறம் சில்லறை. தலைகீழ் பிரமிட் என்று அதற்குப் பெயர். இடம் போதாவிட்டால் சப் எடிட்டர் வாலிலிருந்து நறுக்குவார். உயிர் போகாது.

போனுக்கு அந்தத் தர்மம் கிடையாது. அதற்கு எண்ணத்தான் தெரியும்.

எஸ்.எம்.எஸ்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெப்ராண்ட் என்று ஒரு ஜெர்மன் இன்ஜினீயர். 1985-ல் பான் நகரத்தில் தன் வீட்டில் டைப்ரைட்டர் முன்னால் உட்கார்ந்து, மனசுக்குத் தோன்றிய வாக்கியம், கேள்வி என்று அடித்து ஒவ்வொன்றிலும் எத்தனை எழுத்து என்று எண்ணினாராம். ஏறக்குறைய எல்லாமே 160-க்குள் அடங்கிவிட்டது. போஸ்ட் கார்டுகளையும் பார்த்தார், அதுவும் பெரும்பாலும் அப்படித்தான். போதும், 160 என்று வைத்தார்கள். எங்க அப்பா மாதிரி ஒரு ஆள் அந்தத் தெருவில் குடியிருந்திருந்தால் சரித்திரம் மாறியிருக்கும்.

அந்த 160-ம் இங்கிலீஷுக்குத்தான். கணக்கு இது: ஒரு எஸ்.எம்.எஸ்ஸுக்கு மொத்தம் 1120 பிட். இங்கிலீஷ் எழுத்துக்கு 7 பிட், வகுத்தால் 160. தமிழ் எழுத்துக்கு 16 பிட், வகுத்தால் 70. அதிலும் கொம்பு, கால், புள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனியாகச் சார்ஜ். 'கோவில்பட்டி' பேப்பரில் ஆறு எழுத்து, போனுக்கு அது பதினொன்று. தமிழில் ஒரு 'வருகிறேன், கவலைப்படாதீர்கள்' அனுப்புவதற்குள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தீர்ந்துவிடும்.

இதைவிடப் பெரிய விவகாரம் ஒன்று இருக்கிறது. யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். தமிழில் விஷயம் எப்போதும் வாக்கியத்தின் வாலில் இருக்கிறது. வினை கடைசியில். 'இல்லை' அதற்கும் கடைசியில். இங்கிலீஷ்காரன் 'நாட்' என்பதை நடுவழியிலேயே போட்டுவிடுவான். 'வீ ரெக்ரெட்' என்று ஆரம்பித்தாலே வேலை கிடைக்கவில்லை என்று கவரை மடித்துவிடலாம். நமக்கு? பூட்டிய ஸ்கிரீனில் ஒரு செய்தி எட்டிப் பார்க்கிறது: 'உங்கள் கடன் விண்ணப்பம் ஏற்றுக்கொள்ளப்பட...' அவ்வளவுதான். ட்டதா, வில்லையா? என் நண்பன் ஒருவன் இந்த மூன்று புள்ளியைப் பார்த்துவிட்டு ஆபீஸில் எல்லோருக்கும் டீயும் பஜ்ஜியும் சொல்லிவிட்டான். வில்லை. பஜ்ஜிக்கு மூன்று தவணையில் பணம் வசூலித்தோம்.

நம் வாக்கியம் மட்டுமில்லை, நம் பழக்கமே அப்படித்தான். கடன் கேட்க வருகிறவர் வந்ததும் கேட்பாரா? வெயிலைப் பற்றிப் பேசி, பையன் படிப்பை விசாரித்து, காபி குடித்து, எழுந்து, செருப்பு மாட்டி, வாசற்படியில் திரும்பி நின்று, "அப்புறம் ஒரு விஷயம்..." என்பார். அந்த வாசற்படி வார்த்தைக்காகத்தான் முன்னால் நடந்த ஒண்ணரை மணி நேரமும். வாட்ஸ்அப் அவரைக் காபியோடு அனுப்பிவிடுகிறது.

ஆபீஸ் மெயில் மட்டும் என்ன வாழ்ந்தது? ஜிமெயிலில் ஒரு மெயில் 102 கிலோபைட்டைத் தாண்டினால் அங்கேயே நறுக்கிவிட்டு, முழுசும் பார்க்க இங்கே தட்டு என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி போடும். நீளமான மெயிலின் கடைசியில்தான் 'இந்தச் சனிக்கிழமை எல்லோரும் வரவேண்டும்' என்று இருக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

இதில் ஒரு வேடிக்கை. நறுக்கியது எங்கேயும் போவதில்லை. வாட்ஸ்அப் முழுச் செய்தியையும் போனுக்குக் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறது, காட்டுவதில் மட்டும்தான் கஞ்சத்தனம். அதாவது அப்பாவுடைய கண்ணும் நெல்லை எக்ஸ்பிரஸும் இரண்டு நாள் என் சட்டைப் பையிலேயேதான் இருந்தன. ஒரு விரல் அழுத்தும் தூரத்தில். அந்த விரலை நான் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டேன்.

ஜி.எஸ்.டி.யைப் போட்டுவிட்டு சனிக்கிழமை காலையில் கோவில்பட்டியில் இறங்கினேன். இரண்டு நாள் லேட். அப்பா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

"வாலே. காபி போடட்டா?"

"நான் போடறேன்ப்பா. நீங்க உக்காருங்க."

காபி குடிக்கும்வரை கண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை. செவலைப் பூனைக்குட்டியைக் காட்டினார். நானாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஸ்டேஷன்ல நான் இறங்கலைன்னதும் ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"

"நீதான் கட்டை விரலு காட்டிட்டியே. ரசீது வந்தப்புறம் திரும்பக் கேட்டா இலாகாவுல சார்ஜ் மெமோ குடுப்பான்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதுதான் தாங்கவில்லை.

"நான் படிக்காமயே போட்டுட்டேன்ப்பா."

"தெரியும்."

"எப்படி?"

"ரெண்டு வருசத்துக்கு முன்னால ஒரு நாள், எதிர்வீட்டு ஆச்சி செத்துப்போச்சுன்னு எழுதுனேன். அதுக்கும் கட்டை விரலு காட்டுன."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷமாகத் தெரிந்திருந்தும் தினம் ஐந்தரைக்கு எழுதியிருக்கிறார்.

"விஷயத்தை முதல்ல எழுதிட்டு மத்ததை அப்புறம் எழுதலாமேப்பா? தந்தி அடிச்ச ஆளு நீங்க. பத்து வார்த்தையில முடிப்பீங்களே?"

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "எடுத்த எடுப்புல விசயத்தச் சொன்னா அதுக்குப் பேருதாம்லே தந்தி. சைக்கிள் மணி அடிச்சு 'தந்தி'ன்னு சொன்னாலே உள்ளே அழுகை ஆரம்பிச்சிரும். பிரிச்சுப் பாக்கவே மாட்டாக. ஒரு வீட்டுல பையன் பாஸாயிட்டான்னு தந்தி. அந்தம்மா மார்ல அடிச்சுக்கிட்டு விழுந்துட்டு. படிச்சுக் காட்டி எழுப்ப அரை மணி நேரம் ஆச்சு. கடுதாசி அப்படி இல்ல. மழைதண்ணி சொல்லி, ஆளை உக்கார வச்சு, அப்புறந்தான் விசயம். கண்ணுல கத்தி வைக்கப்போறாங்கன்னு முத வரியில எழுதுனா நீ பயந்துர மாட்டியா?"

வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு வாங்கிய காலத்தில் 'பாதர் சீரியஸ் ஸ்டார்ட் இம்மீடியட்லி' என்று நாலே வார்த்தையில் ஊரெல்லாம் ரயில் ஏறியது. பாதி பேருக்கு பாதர் ஆரோக்கியமாகத்தான் இருந்தார், லீவு கிடைப்பதற்காக ஊரிலிருந்து வரவழைத்த தந்தி. இன்னொரு தமாஷ், வாழ்த்துத் தந்திக்கு வாசகம்கூட எழுத வேண்டாம். கல்யாணத்துக்கு ஒரு நம்பர், தீபாவளிக்கு ஒரு நம்பர். நம்பரைச் சொன்னால் போதும், அந்தப் பக்கம் வாசகமாக மாறி வரும். யோசித்துப் பார்த்தால் நான் தட்டிக்கொண்டிருந்த கட்டை விரலும் அப்படி ஒரு நம்பர்தான். அந்தப் பக்கம் அது வாசகமாக மாறவில்லை, அவ்வளவே.

சென்னைக்குத் திரும்பிய மறுநாள் காலை ஐந்தரைக்குச் செய்தி வந்தது. 'கண் சுகம். சொட்டு மருந்து நாலு வேளை. கவலை வேண்டாம்.' அவ்வளவுதான். மூன்று புள்ளியும் இல்லை, ரீட் மோரும் இல்லை. அடுத்த நாள்: 'சுகம். மழை இல்லை.' அதற்கடுத்த நாள்: 'சுகம்.'

நான்காவது நாள் நான் போன் பண்ணினேன்.

"என்னப்பா, பூனைக்குட்டி என்னாச்சு?"

"அதான் சுருக்கமா எழுதச் சொன்னியே."

"விஷயத்தை மேலே போடுங்கன்னுதான் சொன்னேன். மத்தது வேண்டாம்னு சொல்லலையே."

அரை மணி நேரம் பேரம் நடந்தது. கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். இப்போதெல்லாம் முதல் வரி தந்தி: 'விஷயம்: ஒன்றுமில்லை' அல்லது 'விஷயம்: 12-ம் தேதி கண் செக்கப், நீ வர வேண்டாம்.' அதற்கு அடுத்த வரியில் 'அன்பு மகனுக்கு, நலம்' என்று கடுதாசி. என் பங்குக்குக் கட்டை விரல் தடை. படித்ததற்கு அத்தாட்சியாகக் கடுதாசியிலிருந்து ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டுப் பதில் எழுத வேண்டும். 'கொடிக்கம்பத்துக்கு என்ன கலர்?' என்கிற மாதிரி. எலெக்ட்ரிக் ட்ரெயினில் ஒரு கையால் அடிப்பது சிரமம்தான். பல்லாவரத்தில் ஆரம்பித்தால் மாம்பலத்தில் முடிகிறது.

இன்று காலைக் கடுதாசி இப்படி: 'விஷயம்: ஒன்றுமில்லை.' கீழே முக்கால் ஸ்கிரீன். ரீட் மோர் அமுக்கினேன். செவலைக்குட்டி சுவர் ஏறப் பழகிவிட்டது. கறிவேப்பிலைக் கன்று ஒரு சாண் வந்திருக்கிறது, இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாலும் இலை தனித்தனியாகத் தெரிகிறது. கடைசியாக ஒரு வரி:

'போன வாரம் உன் பக்கம் படித்தேன். நன்றாக இருந்தது. கொஞ்சம் நீளம். கடைசிப் பாராவை விட்டுவிட்டேன்.'